பாவு எந்தப் பக்கம்? வீட்டுச் சித்திரச் சீலைகளுக்குப் பட்டியல் போடும் முறை

அத்தை காலமான பிறகு அவருடைய டிரங்குப் பெட்டி எங்கள் ஹட்டன் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கைத்தறி நிலையமொன்றில் பல வருடம் நெசவு கற்றுக்கொடுத்தவர் அவர். பெட்டிக்குள் சுவரில் தொங்கவிடும் 31 சித்திரச் சீலைகள் இருந்தன. சில அவரே நெய்தவை, சில மாணவிகள் கொடுத்தவை, சில எங்கிருந்தோ வாங்கியவை. "எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வை" என்றார் அப்பா. ஒரு சனி ஞாயிறில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான்கு மாதம் பிடித்தது. அதில் ஒரு மாதம், எழுதியதை அழித்து எழுதியதிலேயே போனது. அதைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப்போகிறேன்.

1. காலமும் கருவிகளும்

மலைநாட்டில் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை பெட்டியைத் திறக்காதீர்கள். அந்த ஈரத்தில் விரித்துவைத்த கம்பளி நூல் இரண்டே நாளில் பூஞ்சணம் பிடிக்கும். சிவனொளிபாதமலைக்கு ஆட்கள் ஏறுகிற காலத்தில், அதிலும் தை, மாசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி, டெய்லர் டேப், மொட்டை ஊசி, பென்சில், தடித்த அட்டைக் கொப்பி. இவ்வளவு போதும். அருங்காட்சியகங்களுக்கான இலவச மென்பொருள்களையும் முயன்று பார்த்தேன். முப்பது சீலைக்கு அவை வீண் பாரம். முதலில் கொப்பி, பிறகு கணினியில் லிப்ரே ஆபிஸ் அட்டவணை என்பதுதான் என் கட்சி. சீலை கையில் இருக்கும்போது திரையைப் பார்க்கிறவர்கள் சீலையைப் பார்ப்பதில்லை.

2. எண்

2024.1.1 என்று தொடங்குங்கள். முதலில் வந்த ஆண்டு, அடுத்து அந்த ஆண்டில் வந்த எத்தனையாவது தொகுதி, கடைசியில் தொகுதிக்குள் எத்தனையாவது சீலை. எண்ணைச் சீலையின் மேல் எழுதக்கூடாது. துவைத்த பருத்தி நாடாவில் எழுதி, பின்பக்கம் கீழ் மூலையில் இரண்டு மூன்று தையலில் பிடித்துவிடுங்கள். ஊசி நூலுக்கும் நூலுக்கும் நடுவே போகவேண்டும், நூலைத் துளைக்கக்கூடாது.

பால்பொயின்ட் பேனா வேண்டவே வேண்டாம். நான் அதில்தான் எழுதினேன். ஒரு வாரக் குளிர்மழையில் 2024.1.6இன் மூலையில் நீல நிறம் ஊறிவிட்டது. பென்சில் அல்லது நீரில் கரையாத நிறமி மை. மையாக இருந்தால் நாடாவை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்துவிட்டுத் தையுங்கள்.

3. பெயருக்கு முன் பின்பக்கம்

சுவரில் தொங்குகிற எல்லாவற்றையும் டேபஸ்ட்ரி என்று சொல்லிவிடுகிறோம். உலகமே அப்படித்தான். பிரான்சின் ஏறத்தாழ 70 மீற்றர் நீளமான பேயோ டேபஸ்ட்ரி உண்மையில் லினன் துணிமேல் கம்பளி நூலால் செய்த பூத்தையல். ஆகவே பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டுச் சீலையைத் திருப்புங்கள்.

அடித்துணி தனியாகத் தெரிந்து, அதன்மேல் நூல்கள் குறுக்கும் மறுக்கும் ஓடினால் பூத்தையல். துணி வெட்டுகளை ஒட்டித் தைத்திருந்தால், நம் கோயில் தேர்களில் தொங்கும் தொம்பை வகை. இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே நிறமாக, மெழுகு வெடித்த கீறல்களோடு இருந்தால் பத்திக். படத்தை எடுத்துவிட்டால் துணியே மிஞ்சாது என்ற நிலையில் இருப்பதுதான் சித்திர நெசவு, அதாவது டேபஸ்ட்ரி. அதில் நிற ஊடை, அதாவது குறுக்கே போகும் நூல், கரையிலிருந்து கரைக்கு ஓடாது. தன் நிறப் பகுதிக்குள்ளேயே போய்த் திரும்பும். 31இல் ஒன்பதுதான் அப்படித் தேறின.

இரண்டு சீலைகள் கண்டிப் பக்கத்துத் தும்பறை நெசவு. சிங்களத்தில் ஹண எனப்படும் செடியின் நாரில் நெய்வது. அந்த ரட்டா கலாலக் கைவினையை யுனெஸ்கோ 2021இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. பத்தங்கி மரக்கட்டையில் சிவப்புச் சாயம் எடுப்பது அங்கே பழைய வழக்கம். அதற்காகச் சிவப்பைக் கண்டதும் பத்தங்கி என்று எழுதிவிடாதீர்கள். கடைச் சாயமும் சிவப்புதான். நிறத்தை எழுதுங்கள். சாயத்தை, போட்டவர் சொன்னால் மட்டும் எழுதுங்கள்.

4. பாவைக் கண்டுபிடித்தல்

இங்கேதான் சறுக்கினேன். தறியில் முதலில் இழுத்துக் கட்டுவது பாவு, குறுக்கே போவது ஊடை. தொங்கும் சீலையில் மேலிருந்து கீழாக இருப்பது பாவு என்று நானே முடிவுசெய்து, ஒன்பது சீலைக்கும் அப்படியே எழுதினேன். சென்டிமீற்றருக்கு எத்தனை பாவு என்றும் எண்ணி வைத்தேன். சித்திர நெசவில் ஊடை பாவை முழுவதும் மூடிவிடும். ஆகவே நான் எண்ணியதில் பாதி ஊடை.

அத்தையோடு வேலை பார்த்த ஒரு அம்மா ஒருநாள் வீட்டுக்கு வந்தார். மயில் சீலையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "மகள், இதைப் படுக்கப் போட்டு நெய்திருக்கிறாள் உன் அத்தை" என்றார். அத்தையின் சட்டத்தறி 60 சென்டிமீற்றர் அகலந்தான். தோகை நீட்டிய மயிலுக்கு 142 வேண்டும். ஆகவே மயிலை 90 பாகை திருப்பி, அலகில் தொடங்கித் தோகை நுனிவரை நெய்துகொண்டே போயிருக்கிறார். ஐரோப்பாவின் பழைய பட்டறைகளிலும் பெரிய சீலைகளைப் பெரும்பாலும் இப்படிப் பக்கவாட்டில்தான் நெய்தார்கள். தொங்கவிட்டால் பாவு கிடையாகக் கிடக்கும்.

கண்டுபிடிக்கும் வழி இது. கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவுங்கள். மெல்லிய வரம்புகள் தட்டுப்படும். அவை ஓடும் திசைதான் பாவு. இரண்டு நிறங்கள் நேர்கோட்டில் சந்திக்கும் இடத்தில் சிறு பிளவு இருந்தால், அதுவும் பாவின் திசையிலேயே இருக்கும். சந்தேகமென்றால் தேய்ந்த இடமொன்றில் ஊடையை மொட்டை ஊசியால் சற்று விலக்கிப் பாருங்கள். உள்ளே சாயமேறாத நூல் தெரிந்தால் அநேகமாக அதுதான் பாவு.

இதற்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்கலாம். பாவு கிடையாக இருக்கும் சீலையில் பிளவுகளும் கிடையாக இருக்கும். சீலையின் பாரம் அவற்றை வாய்பிளக்க வைக்கும். எந்தச் சீலையைச் சுவரில் மாட்டலாம், எதைச் சுருட்டி வைக்கவேண்டும் என்பதை இந்த ஒரு கட்டம்தான் எனக்குச் சொன்னது. அளவை மட்டும் தொங்கும் நிலையில், உயரம் முதலில் அகலம் பிறகு என்று, மூன்று இடங்களில் அளந்து எழுதுங்கள். குஞ்சம் தனி.

5. கைகளுக்கு ஒவ்வொரு கட்டம்

"செய்தவர்" என்று ஒரே கட்டம் போடாதீர்கள். நூல் நூற்றவர், சாயம் போட்டவர், மூலச் சித்திரம் வரைந்தவர், நெய்தவர், பின்துணி தைத்தவர் என்று ஐந்து போடுங்கள். மயிலை வரைந்தவர் அத்தை அல்லர், நிலையத்தில் படித்த ஒரு மாணவி என்பது இப்படித்தான் வெளியே வந்தது. தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே போய்க் கேளுங்கள். போகும்போது படத்தைக் கொண்டுபோகாமல் சீலையையே கொண்டுபோங்கள். கை பட்டால்தான் பேச்சு வரும்.

நூல் முறுக்கையும் குறியுங்கள். நூலை நிமிர்த்திப் பிடித்தால் முறுக்கு இடமேலிருந்து வலக்கீழாகச் சாய்ந்தால் எஸ், வலமேலிருந்து இடக்கீழாகச் சாய்ந்தால் இசட். நூலைத் தலைகீழாகப் பிடித்தாலும் இது மாறாது.

6. படமும் பத்திரமும்

முன், பின், அளவுகோலோடு ஒரு நெருக்கப் படம். மூடுபனி நாளில் ஜன்னலோரம் கிடைக்கும் சமமான ஒளிக்கு எந்த ஸ்டூடியோ விளக்கும் ஈடில்லை. மடிக்காதீர்கள். துணிக்கடையில் வீசும் அட்டைக் குழலைப் பொலித்தீனால் மூடி, அதன்மேல் துவைத்த வெள்ளைத் துணி சுற்றி, முகப்பு வெளியே இருக்கும்படி சுருட்டுங்கள்.

பிற்சேர்க்கை

பதுளையிலிருந்து எழுதிய வாசகியின் கம்பளிச் சீலையில் பூச்சி விழுந்திருக்கிறது. பூச்சி உருண்டையைத் துணிமேல் போடாதீர்கள். பொலித்தீனில் காற்றில்லாமல் கட்டி, வீட்டு உறைபெட்டியில் மறை 18 பாகையில் (-18 °C) இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்காமல் விடுங்கள், இல்லாவிட்டால் சீலை வியர்க்கும்.

பின்துணி தைத்த சீலையை எப்படித் திருப்பிப் பார்ப்பது என்று இருவர் கேட்டிருந்தார்கள். ஒரு மூலையில் நான்கைந்து தையலை மட்டும் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி தையுங்கள். பிரித்ததையும் பட்டியலில் எழுதுங்கள்.

பெட்டியின் அடியில் விரித்திருந்த கறுப்புக் கம்பளியைச் சேர்த்தீர்களா என்று இன்னொருவர் கேட்டார். சேர்த்தேன். எண் 2024.1.32. நூற்றவர், சாயமிட்டவர், நெய்தவர் தெரியவில்லை. போர்த்தியவர் பாட்டி, கொழுந்து பறித்த காலத்தில். நிலை: கூடைக் கயிறு அழுத்திய இடத்தில் ஊடை தேய்ந்து, பாவு மட்டும் நிற்கிறது.