புது பிராசசர் வாங்கும் முன்

முகூர்த்த மாதங்களில் மதுரை ஸ்டூடியோக்களில் ஆல்பம் டிசைனும் கல்யாண வீடியோவும் ஒன்றாகக் குவியும்போதுதான் "சிஸ்டம் இழுக்குது, பிராசசரை மாத்திடலாமா?" என்ற கேள்வி எழும். முதலில் எந்த வேலை இழுக்கிறதோ அதையே ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைப் பாருங்கள்.

மெமரி 90 சதவீதத்தைத் தாண்டியே நின்றால் ராம் போதவில்லை. டிஸ்க் 100-இல் ஒட்டிக்கொண்டிருந்து, அது பழைய ஹார்ட் டிஸ்க்காகவும் இருந்தால் எஸ்எஸ்டி போடுங்கள். சிபியு, அதாவது பிராசசர், 20 சதவீதம்தான் காட்டுகிறது என்றால், கிராஃப் மேல் ரைட் கிளிக் செய்து லாஜிக்கல் பிராசசர் வாரியாகப் பிரியுங்கள். ஒரு கட்டம் மட்டும் உச்சியில் நின்று மற்றவை சும்மா கிடந்தால், அந்த வேலைக்குக் கூடுதல் கோர் (சிப்புக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) உதவாது. ஒற்றைக் கோர் வேகம் கூடிய சிப்தான் உதவும்.

அடுத்து சூடு. தொடக்கத்தில் 4 ஜிகாஹெர்ட்ஸில் ஓடிய சிப் பத்து நிமிடத்தில் 2-க்கு இறங்கினால், சிப்பின் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்க் இடுக்கில் தூசி பஞ்சாக அடைத்திருக்கும், இரண்டுக்கும் நடுவில் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்து பொரிந்திருக்கும். சித்திரை வெயிலில் இது அதிகம். சுத்தம் செய்து, பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்தாலே பழைய வேகம் திரும்பிவிடும்.

இத்தனைக்கும் பிறகு சிபியுதான் தடை என்றால், செலவை முடிவு செய்வது சாக்கெட், அதாவது போர்டில் சிப் உட்காரும் இடம். ஏஎம்டி-யின் ரைசன் சிப்களுக்கான ஏஎம்4 சாக்கெட் போர்டு வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். 2017-இன் ரைசன் 5 1600 இருந்த இடத்தில் 2022-இல் வந்த 5600 உட்காரும், டிடிஆர்4 ராமும் அப்படியே இருக்கும். போர்டு நிறுவனத்தின் சிபியு பட்டியலில் எந்த பயாஸ் (போர்டைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) பதிப்பு வேண்டும் என்று மட்டும் பாருங்கள். இன்டெலில் எல்ஜிஏ 1700 போர்டு 12, 13, 14 மூன்று தலைமுறைகளையும் ஏற்கும். ஆனால் எல்ஜிஏ 1151-இல் ஏமாந்துவிடக் கூடாது: 6, 7-ஆம் தலைமுறை போர்டில் 8-ஆம் தலைமுறை சிப் கச்சிதமாகப் பொருந்தும், ஓடாது. ஏஎம்5, எல்ஜிஏ 1851 இரண்டுக்கும் போர்டும் டிடிஆர்5 ராமும் சேர்த்தே வாங்க வேண்டும். மூன்றின் விலையையும் கூட்டிப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்.

பில்லிங்கும் டேலியும் மட்டும் ஓடும் கடைக்கு மாற்றவே வேண்டாம். ஒரே விதிவிலக்கு விண்டோஸ் 11: இன்டெலில் 8-ஆம் தலைமுறைக்கும் ரைசனில் 2000 வரிசைக்கும் முந்தையவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அது அதிகாரபூர்வமாகக் கிடையாது.

மாற்றுவது என்று முடிவானால், பழைய சிப் இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்யுங்கள். யுபிஎஸ் இல்லாமல் தொடவே கூடாது. பாதியில் கரண்ட் போனால் போர்டே போய்விடும்; மாதாந்திர மின்தடை நாளாகவும் இருக்க வேண்டாம். டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கர் இருந்தால் ரெகவரி கீயை முன்பே எழுதிவையுங்கள், சிப் மாறியதும் அதைக் கேட்கலாம்.

ஏஎம்4-இல் கூலரை நேராக இழுக்காதீர்கள். காய்ந்த பேஸ்ட் பிராசசரையும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிவரும், பின்கள் வளையும். சிஸ்டத்தைப் பத்து நிமிடம் ஓடவிட்டு அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பின், சூடு ஆறுவதற்குள் கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுங்கள்.

தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் ரைசன் 5 3400ஜி-யில் ஓடிய சிஸ்டத்தில் 5600 போட்டால் மானிட்டர் கறுப்பாகவே நிற்கும். 5600-க்குள் கிராஃபிக்ஸ் இல்லை. அங்கே வேண்டியது 5600ஜி. பணம் கொடுக்கும் முன் பெட்டியில் அந்த 'ஜி' இருக்கிறதா என்று பாருங்கள்.