முதல் கீமோ ஏறுவதற்கு முன்: நான்காம் நிலை பெருங்குடல் புற்றுநோயில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் செக்-அப்புக்குப் போயிருந்தபோது, காத்திருக்கும் இடத்தில் பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். கணவருக்கு நோய் தெரிந்து ஒன்பது நாள்தான் ஆகிறதாம். "பெருங்குடல்ல ஆரம்பிச்சு கல்லீரலுக்குப் போயிடுச்சு அண்ணா. ஆபரேஷன் பண்ண முடியாதுன்னு சொல்லிட்டாங்க. நாளன்னைக்கு கீமோ ஆரம்பிக்கறாங்க" என்றார். மடியில் ரிப்போர்ட் இருந்தது. ஸ்கேன் படங்கள் பதிந்த டிஸ்க் எங்கே என்று கேட்டேன். அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியவில்லை.

ஏழு வருடத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். அதற்கப்புறம் எத்தனையோ பேரிடம் பேசிவிட்டேன். ஒவ்வொருவரும் நான் விழுந்த அதே பள்ளத்தில் வந்து விழுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. 20 சுற்று கீமோவும் இரண்டு அறுவை சிகிச்சையும் கடந்து வந்த நோயாளி. மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள், தைரியமாக இருங்கள் என்பதையெல்லாம் மற்றவர்கள் சொல்வார்கள். நான் சொல்ல வருவது, பயாப்ஸி (கட்டியிலிருந்து திசு எடுத்துப் பார்க்கும் சோதனை) முடிவுக்கும் முதல் கீமோவுக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சில நாட்களில் யாரும் சொல்லாமல் விடுகிற விஷயங்களை.

"ஆபரேஷன் முடியாது" என்பதை ஒரே ஒருவரிடம் கேட்டுவிட்டு நம்புவது

என் கல்லீரலில் ஐந்து கட்டிகள் இருந்தன. வலப்பக்கம் மூன்று, இடப்பக்கம் இரண்டு. முதல் மருத்துவமனையில் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, "இரண்டு பக்கமும் பரவியிருக்கிறது, அறுவை சிகிச்சைக்கு வழியில்லை, கீமோதான்" என்றார்கள். நானும் என் மனைவியும் தலையாட்டினோம். சொன்னவர் கல்லீரல் சர்ஜனா, அல்லது ஒரு கல்லீரல் சர்ஜனாவது அந்தப் படத்தைப் பார்த்தாரா என்று கேட்கத் தோன்றவில்லை.

12 சுற்று முடிந்தது. இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று ஆறு மாதம். ஒரு நாள் பக்கத்துப் படுக்கையில் கீமோ ஏற்றிக்கொண்டிருந்த பெரியவர், பேச்சுவாக்கில், "உங்க லிவர் சர்ஜன் என்ன சொல்றார்?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

அடுத்த வாரமே ஒரு கல்லீரல் சர்ஜனைத் தேடிப் போனோம். அவர் ரிப்போர்ட்டைத் தொடவே இல்லை. டிஸ்கைக் கணினியில் போட்டு, முதல் ஸ்கேனை இடப்பக்கமும் புது ஸ்கேனை வலப்பக்கமும் வைத்து, மவுஸ் சக்கரத்தை உருட்டி உருட்டிப் பார்த்தார். ஐந்தில் இரண்டு கட்டிகள் புது ஸ்கேனில் காணாமல் போயிருந்தன. எனக்கு ஒரே சந்தோஷம். அவர் முகம் மட்டும் மாறவில்லை.

"ஸ்கேன்ல மறைஞ்சதுன்னா செத்துப் போச்சுன்னு அர்த்தம் இல்ல. பல பேருக்கு அங்க உயிருள்ள செல் மிச்சம் இருக்கும். எங்க வெட்டணும்னுதான் எனக்குத் தெரியாமப் போகும்" என்றார். அப்புறம் சொன்னதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது: "கீமோ தொடங்கறதுக்கு முன்னாடி ஒரு எம்ஆர்ஐ எடுத்துட்டு, நாலு இல்ல ஆறு சுற்று முடிஞ்சதும் என்கிட்ட வந்திருக்கணும்."

நான் இழந்தது அது மட்டும் இல்லை. கீமோவில் எனக்கு ஏற்றிய ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்து கல்லீரலுக்குள் இருக்கும் நுண்ணிய ரத்த நாளங்களைக் கெடுக்கும். அறுவை மேசையில் அந்தக் கல்லீரல் நீலம் பாரித்துத் தெரியுமாம். அது தேறுவதற்காகப் பல வாரம் காத்திருக்க வேண்டி வந்தது. அதன் பிறகுதான் பெருங்குடல் கட்டியையும் கல்லீரலில் தெரிந்த மூன்றையும் எடுத்தார்கள். மறைந்துபோன இரண்டில் ஒன்று, பதினான்கு மாதம் கழித்து அதே இடத்தில் தலைகாட்டியது. மறுபடி கீமோ, மறுபடி வயிற்றைத் திறந்தார்கள். முதல் வாரத்தில் ஒரு டிஸ்கை எடுத்துக்கொண்டு போய் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்த இரண்டாவது அறுவை சிகிச்சையே தேவைப்பட்டிருக்காது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

இதை விவரமாகச் சொல்ல ஒரு காரணம் உண்டு. பெருங்குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் நேராகக் கல்லீரலுக்குத்தான் போகிறது. அதனால் இந்த நோய் அதிகமாகப் பரவும் இடமும் கல்லீரல்தான். ஆனால் கல்லீரல் வளரும் உறுப்பு. ஆரோக்கியமான கல்லீரலில் 30 சதவீதம் அளவுக்கு மிச்சம் இருந்து, அதற்கு ரத்தம் வரவும் போகவும் பித்தம் வெளியேறவும் வழி இருந்தால், மீதியை எடுத்துவிடலாம். கட்டி எத்தனை என்று எண்ணிப் பார்த்து முடிவு செய்த காலம் ஒன்று இருந்தது. இப்போது எவ்வளவு மிஞ்சும் என்பதுதான் கேள்வி. எடுக்கப் போகும் பக்கத்துக்கு ரத்தம் போகும் குழாயை முன்கூட்டியே அடைத்து, மறுபக்கத்தைச் சில வாரங்களில் வளர வைக்கிறார்கள். சின்னக் கட்டியை ஊசி வழியாகச் சூடேற்றிக் கருக்குகிறார்கள். 2024-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, வெட்டவே முடியாத கல்லீரல் கட்டிகள் இருந்தவர்களில் கவனமாகத் தேர்ந்தெடுத்த சிலருக்கு, கீமோவோடு கல்லீரல் மாற்று சிகிச்சையும் செய்தால் ஆயுள் கூடுகிறது என்று காட்டியது. ஒரே ஸ்கேனைப் பார்த்து இரண்டு கல்லீரல் சர்ஜன்கள் வேறு வேறு முடிவு சொல்வதும் சகஜம். அப்படியிருக்க, கல்லீரல் சர்ஜனே பார்க்காத படத்துக்கு "முடியாது" என்று யார் முடிவு சொல்வது?

எல்லாருக்கும் அறுவை சிகிச்சை கிடைத்துவிடாது. பெரும்பாலானவர்களுக்கு முடியாது என்பதுதான் உண்மையான பதிலாக இருக்கும். செய்துகொண்டவர்களிலும் பாதிக்கு மேல் நோய் திரும்ப வருகிறது. ஆனாலும் கல்லீரல் கட்டியை முழுவதும் எடுக்க முடிந்தவர்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேர் ஐந்து வருடத்தைத் தாண்டுகிறார்கள். அந்த வரிசையில் நமக்கு இடம் உண்டா இல்லையா என்பதைக் கேட்காமலே விட்டுவிடக் கூடாது.

சரி, என்ன செய்வது? ரிப்போர்ட்டோடு நின்றுவிடாமல் ஸ்கேன் படங்கள் உள்ள டிஸ்கைக் கேட்டு வாங்குங்கள். அது உங்களுடையது. "என் ஸ்கேனைக் கல்லீரல் சர்ஜன் பார்த்தாரா? ட்யூமர் போர்டில் வைத்தீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். பல துறை டாக்டர்கள் ஒன்றாக உட்கார்ந்து ஒரு நோயாளியைப் பற்றி முடிவு செய்யும் கூட்டம்தான் ட்யூமர் போர்டு. இல்லை என்றால் நீங்களே ஒருவரிடம் கொண்டு போங்கள். கீமோவுக்கு முன்பே கல்லீரல் எம்ஆர்ஐ தேவையா என்று கேளுங்கள். குடல் அடைப்போ, நிற்காத ரத்தப்போக்கோ, கல்லீரல் வேகமாகச் செயலிழப்பதோ இல்லையென்றால், இதற்காக ஒன்றிரண்டு வாரம் தள்ளிப்போவதால் பொதுவாகக் கெடுதல் இல்லை. உங்களுக்கு அது பொருந்துமா என்பதையும் டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண் என்னிடம் கேட்டதும் இதுதான்: "வேற டாக்டர்கிட்ட போனா இவர் கோவிச்சுக்க மாட்டாரா?" நானும் அந்தப் பயத்தில்தான் ஆறு மாதத்தை விட்டேன். இரண்டாம் கருத்து கேட்பது புற்றுநோய் டாக்டர்களுக்குப் பழகிய விஷயம். என் இப்போதைய டாக்டர், அவர் கையாலேயே கடிதம் எழுதிக் கொடுப்பார்.

மரபணுச் சோதனை வருவதற்குள் மருந்தை முடிவு செய்வது

பயாப்ஸியில் எடுத்த அதே திசுவில் கேராஸ், என்ராஸ் (இந்த இரண்டும்தான் ராஸ் மரபணுக்கள்), பிராஃப், ஹெர்2 என்ற மரபணுக்களையும், டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் வேலை கட்டியில் கெட்டுப்போயிருப்பதைக் காட்டும் எம்எஸ்ஐ என்ற குறியையும் பார்க்க முடியும். ஏறத்தாழ பாதிப் பேருக்கு ராஸ் மரபணுக்களில் மாற்றம் இருக்கிறது. கீமோவோடு சேர்த்துக் கொடுக்கும் செடக்ஸிமாப், பானிடுமுமாப் மருந்துகள் அவர்களுக்குப் பொதுவாக வேலை செய்யாது. செலவும் தோல் கொப்புளமும்தான் மிச்சம். கட்டி பெருங்குடலின் வலப்பக்கம் தொடங்கியிருந்தால், ராஸ் மாற்றம் இல்லாதவர்களுக்கும் அந்த மருந்துகளால் பலன் குறைவு.

எம்எஸ்ஐ அதிகம் என்று வருபவர்கள் முற்றிய நோயில் 100-க்கு ஐந்து பேர் போலத்தான். ஆனால் அந்த ஐந்து பேருக்குப் பாதையே வேறு. பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி (உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் கட்டிக்கு எதிராகத் தூண்டும்) மருந்தைக் கீமோவோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வில், நோய் கட்டுக்குள் இருந்த காலத்தின் இடைமதிப்பு 16.5 மாதம். கீமோவில் அது 8.2 மாதம். 2020-ல் அமெரிக்காவில் அதை முதல் சிகிச்சையாகவே அனுமதித்தார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர், நான்கு சுற்று கீமோவில் துவண்டு போன பிறகுதான் அந்த ரிப்போர்ட்டைக் கையில் வாங்கினார். யாரும் முன்பே கேட்டு அனுப்பவில்லை, அவ்வளவுதான்.

அப்படியே டிபிடி சோதனையையும் கேளுங்கள். ஃப்ளூரோயூராசில், கேபசிடபைன் என்ற கீமோ மருந்துகளை உடம்பில் உடைக்கும் நொதிதான் டிபிடி. அது குறைவாக இருக்கும் சிலருக்கு முதல் சுற்றே உயிருக்கு ஆபத்தாகலாம். இந்த மருந்துகளைத் தொடங்கும் முன்பு இதைப் பார்த்துவிடச் சொல்லி ஐரோப்பிய மருந்து முகமை 2020-ல் பரிந்துரைத்தது.

மரத்துப் போவதை மறைப்பது

ஆக்ஸாலிபிளாட்டின் ஏறிய நாட்களில் ஃபிரிட்ஜ் கதவைத் தொட்டாலே விரல் நுனியில் ஊசி குத்தும். ஒரு வாய் குளிர்ந்த தண்ணீர் குடித்தால் தொண்டை அடைப்பதுபோல் இருக்கும். அது சில நாளில் போய்விடும். போகாமல் தங்கும் மரமரப்புதான் வேறு கதை. ஒன்பதாவது சுற்றில் எனக்கு அது தங்கிவிட்டது. சொன்னால் மருந்தைக் குறைத்துவிடுவார்கள், குறைத்தால் நோய் ஜெயித்துவிடும் என்று நினைத்து, நர்ஸ் கேட்டபோதெல்லாம் "ஒண்ணும் இல்ல" என்றேன். உண்மையில் அந்த ஒரு மருந்தை மட்டும் சில மாதம் நிறுத்திவிட்டு மற்றவற்றைத் தொடரலாம். தேவைப்பட்டால் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். இது வழக்கமான முறைதான். மருந்தை நிறுத்தியபின்கூடச் சில மாதம் மரமரப்பு கூடிக்கொண்டே போகும் என்பதும் எனக்குத் தெரியாது. இன்றைக்கும் சட்டைப் பொத்தானைக் கண்ணால் பார்த்துத்தான் போடுகிறேன். விரலுக்குப் பொத்தான் தெரிவதில்லை.

காய்ச்சலுக்கு பாராசிட்டமால் போட்டுவிட்டுப் படுப்பது

கீமோ காலத்தில் 38 டிகிரி செல்சியஸ் அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டால், மணி என்ன என்று பார்க்காமல் மருத்துவமனைக்கு போன் செய்யுங்கள். மாத்திரை சூட்டை மறைக்கும். வெள்ளணுக்கள் இல்லாத உடம்பில் கிருமி விடியும்வரை காத்திருக்காது.

வயிறு உப்பி, வாந்தி எடுத்து, வாயுகூடப் பிரியவில்லை என்றாலும் அப்படியே. அது குடல் அடைப்பாக இருக்கலாம்.

சிஇஏ எண்ணைப் பார்த்து உடைந்து போவது

சிஇஏ என்பது இந்த நோயைக் கவனிக்க ரத்தத்தில் பார்க்கும் ஒரு குறி. கீமோவின் முதல் சில வாரங்களில் மருந்து நன்றாக வேலை செய்யும்போதே அது ஏறலாம். ஸ்கேன் வரட்டும்.

சொல்லாமல் மூலிகை சாப்பிடுவது

வேண்டாம். எதுவானாலும் டாக்டரிடம் காட்டிவிட்டு.

சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்கும் என்று நினைப்பது

கட்டிக்கு முன்னால் நீங்கள்தான் மெலிவீர்கள்.

வலி மருத்துவரைக் கடைசிக்கு ஒதுக்கி வைப்பது

பாலியேட்டிவ் கேர் (வலியையும் மற்றத் தொந்தரவுகளையும் குறைக்கும் கவனிப்பு) என்றதும் என் மனைவி அழுதுவிட்டாள். முடிந்தது என்று நினைத்தாள். அங்கே இருந்த டாக்டர் செய்தது என் வலி மருந்தை மாற்றியது, தூங்க வைத்தது, மலச்சிக்கலைச் சரி செய்தது. அதனால்தான் என்னால் அடுத்த சுற்றுக்கு எழுந்து போக முடிந்தது. 2010-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகளில் தொடக்கத்திலேயே இந்தக் கவனிப்பு கிடைத்தவர்கள், கடைசிக்கட்ட ஆக்ரோஷ சிகிச்சைகள் குறைவாக எடுத்துக்கொண்டும், மற்றவர்களைவிட அதிக நாள் இருந்தார்கள். முதல் மாதத்திலேயே கேளுங்கள்.

ஐந்தாண்டுக் கணக்கைத் தனக்கான தேதியாக எடுத்துக்கொள்வது

அமெரிக்கக் கணக்கில், தொலைவில் பரவிய பெருங்குடல் புற்றுநோய்க்கு ஐந்து வருட உயிர்வாழ்வு 13 சதவீதம் போல என்று பார்த்திருப்பீர்கள். அந்தக் கணக்கில் இருப்பவர்கள் பல வருடத்துக்கு முன்பு நோய் தெரிந்தவர்கள். அதில் 85 வயதுக்காரரும் உண்டு, சிகிச்சையே எடுக்காதவரும் உண்டு, ஒரே ஒரு கல்லீரல் கட்டி இருந்தவரும் உண்டு. "என்னைப்போல் இருப்பவர்களுக்கு நல்லபடியாகப் போனால் எவ்வளவு, மோசமாகப் போனால் எவ்வளவு" என்று டாக்டரிடம் கேட்டபோதுதான் எனக்குப் பயனுள்ள பதில் கிடைத்தது. கேட்க விருப்பம் இல்லையென்றால் கேட்காமலும் இருக்கலாம். அது உங்கள் இஷ்டம்.

கூடப்பிறந்தவர்களை மறப்பது

நம் கவலையில் இது விட்டுப்போகிறது. பெற்றோர், கூடப்பிறந்தவர், பிள்ளை யாருக்காவது இந்த நோய் வந்திருந்தால், 40 வயதில் அல்லது அவருக்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்து வருடம் முன்பாக, எது முதலில் வருகிறதோ அப்போது கொலனோஸ்கோபி (குழாய் கேமராவால் பெருங்குடலுக்குள் பார்க்கும் சோதனை) செய்ய வேண்டும். எம்எஸ்ஐ அதிகம் என்று வந்தால், லிஞ்ச் சிண்ட்ரோம் என்ற பரம்பரைக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது கடத்தப்பட 50 சதவீத வாய்ப்பு உண்டு.

எனக்கு 46-ல் தெரிந்தது. தம்பிக்கு அப்போது 43. இரண்டு வருடம் தள்ளிப்போட்டுவிட்டுத்தான் போனான். இரண்டு பாலிப் (பின்னாளில் புற்றாக மாறக்கூடிய சின்னச் சதை வளர்ச்சி) இருந்தன, இரண்டையும் அங்கேயே எடுத்துவிட்டார்கள். தங்கை இன்னும் போகவில்லை. இன்று காலையும் போன் செய்து கேட்டேன். வியாழக்கிழமைக்குத் தேதி வாங்கியிருப்பதாகச் சொன்னாள்.