விடுமுறை வாரத்தில் பிராட்வே நாடகத்துக்கு டிக்கெட் எடுக்கும் முன்

நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளில் ஓடி, பிறகு அமெரிக்காவில் ஊர் ஊராகச் சுற்றும் நாடகங்களுக்கு விடுமுறை வாரத்தில் டிக்கெட் எடுக்கும் முன், முதன்மை நடிகர் எந்தக் காட்சிகளில் இல்லை என்று அவருடைய இன்ஸ்டாகிராமிலும் நாடகத்தின் தளத்திலும் பார்த்துவிடுங்கள், திட்டமிட்ட விடுப்பைப் பலரும் முன்பே போட்டுவிடுவார்கள். வழக்கமாக வாரத்துக்கு 8 காட்சிகள். கிறிஸ்துமஸ், புத்தாண்டை ஒட்டி ஒரே நாளில் இரண்டு காட்சிகள் அடுத்தடுத்து வரும்போது, தொண்டையைக் காக்க ஒன்றை மாற்று நடிகருக்கு விடுவதும் உண்டு. அப்படி விடுவது மதியக் காட்சியாக இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால், மதியக் காட்சியா இரவுக் காட்சியா என்று குழம்பினால் இரவையே எடுங்கள்.

நடிகருக்குத் திடீர்க் காய்ச்சல் வந்தால் இப்படி முன்பே பார்ப்பது உதவாது. அதை அன்றைக்கு அரங்க முகப்புப் பலகையிலோ நிகழ்ச்சி ஏட்டில் செருகிய துண்டுச் சீட்டிலோ பெரும்பாலும் பார்க்கலாம், அப்புறம் பணம் திரும்பக் கேட்பதும் பெரும்பாலும் விளம்பரத்தில் நாடகப் பெயருக்கு மேலே பெயர் போட்ட நட்சத்திரம் வராவிட்டால் மட்டுமே நடக்கும்.