பட் ப்ளேட்டில் கொஞ்சம் சாக்பீஸ்: ஏர் ரைஃபிளைத் தோளில் ஒரே இடத்தில் வைக்கப் பழகுவது எப்படி?

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுவதும் இதே 10 மீட்டர் ஏர் ரைஃபிள்தான். இதில் பத்துக்கான புள்ளியின் விட்டம் 0.5 மி.மீ. பெல்லட் எனும் குண்டோ 4.5 மி.மீ. குண்டு விலகினால் நமக்கு முதலில் சைட் (குறிபார்க்கும் கருவி) மேல்தான் சந்தேகம் வரும். நானும் சில மாதங்கள் சைட்டைத் திருகிக்கொண்டேதான் இருந்தேன். கோளாறு தோளில் இருந்தது. ரைஃபிளின் பட் ப்ளேட், அதாவது தோளில் பதியும் பின்முனைத் தகடு, ஒவ்வொரு தடவையும் ஒவ்வோர் இடத்தில் உட்கார்ந்தது. தகுதிச் சுற்றில் 75 நிமிடத்தில் 60 குண்டு சுட வேண்டும். அறுபதுக்கும் அது ஒரே இடத்தில் உட்கார வேண்டும்.

இங்கே சொல்வது வலக்கைக்காரர்களுக்கு, இடக்கைக்காரர்கள் மாற்றிக்கொள்ளுங்கள். ரேஞ்சில், கோச் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். முதல் இரண்டு படிகளுக்குக் குண்டே வேண்டாம். சேம்பரில் (குண்டு போடும் அறை) அது காலி என்று காட்டும் பாதுகாப்புக் கொடி இருக்கட்டும், குழல் முனை டார்கெட் பக்கமே இருக்கட்டும்.

முதலில் நிற்கும் விதம். இடது முழங்கையை இடுப்பெலும்பின் மேல் ஊன்றுங்கள். ரைஃபிள் 5.5 கிலோ வரை இருக்கலாம். அந்த எடையை எலும்பு தாங்கட்டும், கைத்தசை தாங்கினால் நடுங்கும். பிறகு தலையை நேராக வைத்துக்கொண்டு ரைஃபிளைக் கண்ணுயரத்துக்குக் கொண்டுவாருங்கள். கழுத்து குனிந்தால் பட் ப்ளேட்டைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள், ரைஃபிள் மேலே வரும்.

அடுத்து சாக்பீஸ். பட் ப்ளேட்டில் லேசாகத் தடவி, தோளும் கையும் சேரும் குழிவில் வையுங்கள், எடுங்கள். இப்படி ஐந்து தடவை. இப்போது ஜாக்கெட்டைப் பாருங்கள். ஒரே கோடாகத் தெரிந்தால் நல்லது. என் ஜாக்கெட்டில் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை அப்பியிருந்தது.

சரி, இப்போது சுடலாம். முதல் பத்துக் குண்டு: பட் ப்ளேட் தோளை விட்டு நகராமலேயே ஒவ்வொன்றாக லோடு செய்து சுடுங்கள். அடுத்த பத்து, புது டார்கெட்டில்: ஒவ்வொரு குண்டுக்கும் ரைஃபிளை ஸ்டாண்டில் இறக்கி, மறுபடி தோளில் வைத்துச் சுடுங்கள். என் முதல் க்ரூப்பை, அதாவது பத்துக் குண்டும் விழுந்த பரப்பை, ஐந்து ரூபாய் நாணயத்தால் மறைக்க முடிந்தது. இரண்டாவதற்கு டீ க்ளாஸ் தேவைப்பட்டது. தோளில் வைப்பதில் நீங்கள் செய்யும் தவறின் அளவு இந்த வித்தியாசம்தான்.

இரண்டாவது க்ரூப் மேலும் கீழுமாக நீண்டிருந்தால் பட் ப்ளேட்டின் உயரத்தையோ கன்னத்தின் அழுத்தத்தையோ கவனியுங்கள். பக்கவாட்டில் பரவியிருந்தால் பெரும்பாலும் கால்தான் காரணம். கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டுத் திறந்து பாருங்கள். சைட் வலப்பக்கம் போயிருந்தால் கையால் இழுக்காதீர்கள், பாதத்தை நகர்த்துங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். உயரத்தையும் காலையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு எது உதவியது என்று தெரியாமல் ஒரு வாரம் விழித்தவன் நான். பட் ப்ளேட் அளவுகோலின் எண்ணை நோட்டில் எழுதி, பக்கத்தில் அன்று ஜாக்கெட்டுக்குள் என்ன போட்டிருந்தீர்கள் என்பதையும் குறித்து வையுங்கள். ஒரு ஸ்வெட்டர் கூடினாலே அந்த எண் மாறிவிடும்.