காருக்குள் ஓடும் ஈதர்நெட் டிராஃபிக்கைப் பிடிப்பது எப்படி?

கேன் பஸ்ஸில் (காரின் கணினிகளை இணைக்கும் பழைய வயர் முறை) பழகியவர்கள் இரண்டு வயரில் கிளிப்பை மாட்டினால் எல்லாம் கிடைத்துவிடும் என்று நினைப்பார்கள். காருக்கான ஈதர்நெட் வகையான 100பேஸ்-டி1 அப்படியில்லை. ஒரே ஜோடி வயரில் இரு முனைகளும் ஒரே நேரத்தில் அனுப்புகின்றன. ஒவ்வொரு சிப்பும் தான் அனுப்பியதைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் படிக்கிறது. நடுவில் ஒட்டுக்கேட்டால் இரண்டும் கலந்த இரைச்சல்தான். ஆகவே வயரைப் பிரித்து இடையில் ஒரு ஆக்டிவ் டேப்பை (இரு பக்கமும் தானே பேசி, கடந்துபோவதை நகலெடுத்துத் தரும் கருவி) வைக்க வேண்டும், அல்லது சுவிட்ச்சில் போர்ட் மிரரிங் (ஒரு போர்ட்டின் டிராஃபிக்கை இன்னொன்றுக்கு நகலெடுப்பது) போட வேண்டும். எல்லாம் சோதனை பெஞ்ச்சில்தான், ஓடும் வண்டியில் வேண்டாம்.

1. டேப்பா, மிரரிங்கா? சுவிட்ச்சின் கான்ஃபிக் உங்கள் கையில் இருந்தால் மிரரிங் போதும். ஆனால் போக 100, வர 100 மெகாபிட்டை ஒரே 100 மெகாபிட் போர்ட்டில் திணித்தால் பாக்கெட் விழும். சிஆர்சி பிழையுள்ள (வழியில் சிதைந்த) ஃபிரேமைப் பெரும்பாலான சுவிட்ச்கள் அங்கேயே தூக்கிப் போட்டுவிடும். பிழை தேடுகிறவருக்கு டேப்தான் என் தேர்வு.

இரண்டு மீடியா கன்வர்ட்டரும் (100பேஸ்-டி1-ஐச் சாதாரண ஈதர்நெட்டாக மாற்றும் பெட்டி) ஒரு சுவிட்ச்சும் சேர்த்து மலிவாக டேப் செய்யலாம், ஒரு ஆபத்தோடு: நேர ஒத்திசைவுக்கான ஜிபிடிபி செய்திகளை விதிப்படி நடக்கும் சுவிட்ச் அப்படியே தாண்டவிடாது. ஆடியோ, கேமரா இசியுக்கள் (காரின் கட்டுப்பாட்டுக் கணினிகள்) அங்கே முரண்டு பிடிக்கும்.

2. மாஸ்டர், ஸ்லேவ். லிங்க்கின் ஒரு முனை கடிகாரத் தாளம் கொடுக்கும் மாஸ்டர், மறுமுனை அதைப் பின்பற்றும் ஸ்லேவ். இசியு மாஸ்டர் என்றால் அதைப் பார்த்திருக்கும் டேப் முனை ஸ்லேவ். டேப்பின் அடுத்த பக்கம் இதற்கு நேரெதிர். ஒரே லிங்க்கின் இரு முனையும் ஒரே வகையாக இருந்தால் லிங்க் வராது. லைட் எரியவில்லையா? கேபிளைச் சந்தேகிக்கும் முன் இதைப் பாருங்கள்.

3. லேப்டாப். லினக்ஸ் நல்லது. அந்த இன்டர்ஃபேஸில் ஐபி எதுவும் வேண்டாம். இல்லையென்றால் ஐபி முகவரி கேட்கும் உங்கள் டிஎச்சிபி கோரிக்கை காருக்குள் போய் நிற்கும்.

4. பதிவு. பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். சம்ஐபி என்பது இசியுக்கள் ஒன்றிடம் ஒன்று சேவை கேட்கும் நெறிமுறை. அதில் சேவைகளைத் தேடும் சர்வீஸ் டிஸ்கவரி வழக்கமாக யுடிபி 30490-இல் வரும். அதை மட்டும் கேப்சர் ஃபில்டரில் கொடுத்துவிட்டு, ஒன்றுமே வரவில்லை என்று உட்கார்ந்திருப்பார்கள். காரில் பெரும்பாலும் விலான் டேக் (ஃபிரேம் எந்த உள்வலையைச் சேர்ந்தது என்ற குறி) இருக்கும். அந்த 4 பைட் நடுவில் புகுந்ததும் ஃபில்டர் தவறான இடத்தைப் பார்க்கிறது. இது சில கணினிகளில் நடக்கும், சிலவற்றில் நடக்காது, குழப்பமே அதனால்தான். என் வழி: பிடிக்கும்போது வடிகட்டவே வேண்டாம். இரு திசையும் நிரம்பி ஓடினாலும் நொடிக்கு 25 மெகாபைட்தான். டம்ப்கேப் என்ற பதிவு நிரலில் ரிங் பஃபர் (இடம் நிரம்பினால் பழையதை அழித்து எழுதும் முறை) போட்டு எல்லாவற்றையும் அள்ளுங்கள். பிறகு பாக்கெட்டுகளைப் படித்துக் காட்டும் ஒயர்ஷார்க்கில் சலிக்கலாம்.

பதிவைத் தொடங்கிவிட்டுத்தான் இசியுவுக்குப் பவர் கொடுக்க வேண்டும். யார் எந்தச் சேவைக்குச் சந்தா கேட்டார்கள் என்பது முதல் சில நொடிகளிலேயே முடிந்துவிடலாம்.

5. படிப்பது. போர்ட் 13400 என்றால் டிஓஐபி, அதாவது டயக்னாஸ்டிக்ஸ். மற்ற சம்ஐபி போர்ட்களை ஒயர்ஷார்க் தானாக அடையாளம் காணாவிட்டால் ‘டிகோட் ஆஸ்’ வழியாகச் சொல்லிக் கொடுங்கள். மேக்செக் (லிங்க்கைப் பாதுகாக்கும் முறை) போட்ட லிங்க்கில், குறியாக்கமும் இயங்கினால், சாவி இல்லாமல் உள்ளே எதுவும் தெரியாது.

பின்சேர்க்கை: விண்டோஸில் விலான் டேக்கே தெரியவில்லை என்று கேட்டிருந்தீர்கள். நெட்வொர்க் கார்டின் டிரைவர் அதை உரித்துவிட்டுத்தான் மேலே அனுப்புகிறது. டிரைவர் செட்டிங்கில் ‘பிரையாரிட்டி அண்ட் விலான்’ பகுதியைப் பாருங்கள். அதற்கும் மசியாத கார்டுகள் உண்டு. அப்படியானால் லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்வதுதான் சீக்கிரம் முடியும் வேலை.