நம்ம கண்மாய் அயிரையைத் தொட்டியில் வளர்க்க

தொட்டியில் வளர்க்க என்று கடையில் விற்கும் லோச், அடித்தரையில் இரை தேடும் மீசை வைத்த மீன் வகை. நம்ம அயிரையும் அந்த லோச் இனம்தான். எங்கள் ராமநாதபுரம் பக்கம் இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை, குழம்பு மீனைக் கொண்டுபோய்க் கண்ணாடித் தொட்டியில் விடுவதா என்கிறார்கள். விடலாம், அழகாகவும் இருக்கும். மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வரும் கூலி லோச் (kuhli loach) என்ற மீனுக்கு மென்மையான, அதாவது சுண்ணாம்புச் சத்து குறைந்த தண்ணீர் வேண்டும். கடலோரத்துக் கடினத் தண்ணீரில் அதை வளர்ப்பது பாடு. அயிரை இந்த மண்ணிலேயே பிறந்தது. அதன் அறிவியல் பெயர் லெபிடோசெஃபாலிக்திஸ் தெர்மாலிஸ். 1846ல் வெப்பத்தைக் குறிக்கும் தெர்மாலிஸ் என்ற பின்பாதியை வைக்கக் காரணம், திருகோணமலைப் பக்கம் கன்னியா வெந்நீர் ஊற்றில் கிடைத்த மீனைப் பார்த்து விவரித்ததுதான். இந்த மண்ணின் மீன் என்பதால் நம்ம ஊரில் ஹீட்டர் வாங்குகிற வேலையே இல்லை.

மழைக்காலம் முடிந்து கண்மாயில் தண்ணீர் கிடக்கும் மாதங்களில் சந்தைக்கு உயிரோடு வரும். நான் பத்து மீன் மட்டும் கேட்டபோது விற்கிற அக்கா, "ஏன் தம்பி, இதை வாங்கிப் போயி என்ன குழம்பு வைக்கப் போறீக?" என்று கேட்டார். வளர்க்க என்றதும் அவரே அடிபடாததாகப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தார். காலையில் போய்விடுங்கள். வெயில் ஏறினால் அண்டாவில் நெருக்கியடித்துக் கிடந்து பாதி சோர்ந்துவிடும்.

சரி, எது அயிரை என்று பார்ப்போம், இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். விரல் நீளத்துக்கு மேல் போகாது. மணல் நிற உடம்பு, பக்கவாட்டில் கறுப்புத் திட்டுகள் வரிசையாக, வாயைச் சுற்றிக் குட்டை மீசைகள். வால் துடுப்பு தொடங்கும் இடத்தில் மேல்பக்கமாக ஒரு கறுப்புப் பொட்டு இருக்கும், அதைத் தேடுங்கள். இன்னும் சந்தேகம் இருந்தால் ஒரு கண்ணாடி டம்ளரில் விட்டு வெளிச்சத்தில் பிடித்துக் கண்ணுக்குக் கீழே பாருங்கள். அங்கே இரண்டாகப் பிளந்த சின்ன முள் ஒன்று உண்டு. சாதாரணமாகத் தோலோடு மடங்கிக் கிடக்கும், பயந்தால் விறைத்து நிற்கும். வலையில் பிடித்தால் அந்த முள் கண்ணியில் மாட்டிக்கொள்ளும், இழுத்தால் கன்னம் கிழியும். அதனால் எப்போதும் டம்ளராலேயே மொண்டு எடுங்கள். ஆண் மீனுக்கு நெஞ்சுத் துடுப்பின் உள்பக்கக் கதிர்கள் தடித்திருக்கும், பெண் வயிறு பருத்து உருண்டையாகத் தெரியும்.

கூடவே கலந்து வருபவற்றைத் தள்ளுங்கள். மூக்கு தும்பிக்கை மாதிரி கூராக நீண்டு, முதுகில் சின்ன முட்கள் வரிசையாக இருந்தால் அது ஆரால் குஞ்சு. வளர்ந்து மற்ற மீனைத் தின்னும். முதுகில் இரண்டு துடுப்பு தனித்தனியாக இருந்தால் உளுவை, அதுவும் அப்படித்தான். மீசை உடம்பில் பாதிக்கு ஓடினால் கெளுத்தி, கையில் குத்தும்.

கடையில் லோச் என்று விற்பதையும் பார்த்து வாங்குங்கள். புழு மாதிரி நீண்டு, உடம்பில் பட்டை பட்டையாக இருந்து, முதுகுத் துடுப்பு நடுவைத் தாண்டி வால் பக்கம் தள்ளி இருந்தால் கூலி லோச். அயிரைக்கு அது ஏறக்குறைய நடுவில் இருக்கும். இரண்டு அங்குலத்தில் ஆரஞ்சும் கறுப்புமாக அழகாகத் தெரியும் கிளவுன் லோச் ஓர் அடி வரை வளரும், சின்னத் தொட்டிக்கு அதை வாங்காதீர்கள். வரிக்குதிரை மாதிரி கோடு போட்ட ஜீப்ரா லோச் கிருஷ்ணா ஆற்றுப் பகுதி மீன், இயற்கையில் அழிந்துவருகிற இனம் என்பதால் நான் அதை வாங்குவதில்லை.

தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் இருந்தால் ஆறு முதல் எட்டு அயிரை தாராளம். தனியாக ஒன்றிரண்டு விட்டால் பதுங்கியே கிடக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் மணல். அயிரை மணலை வாயால் அள்ளிச் செவுள் வழியாக விட்டுக்கொண்டே இரை தேடும், பயந்தால் மணலுக்குள் புதைந்து கண் மட்டும் வெளியே தெரியக் கிடக்கும். கூரான ஜல்லி போட்டால் மீசை தேய்ந்து போகும். நான் முதல் தொட்டிக்கு தேவிபட்டினம் கடற்கரை மணலைத்தான் கழுவிப் போட்டேன். அதில் பொடிச் சிப்பி நிறைய இருந்தது, தண்ணீரின் கடினத்தன்மை ஏறிக்கொண்டே போனது, மூன்று மீன் செத்தது. இப்போது எந்த மணல் வந்தாலும் ஒரு ஸ்பூன் எடுத்து அதன்மேல் வினிகர் விடுகிறேன், நுரைத்தால் அது தொட்டிக்கு ஆகாது. சலித்த ஆற்று மணலைத் தெளிகிற வரை அலசி, இரண்டு அங்குலம் போடுங்கள். ஓட்டாஞ்சில்லு, கவிழ்த்த சின்னப் பானை, கொஞ்சம் செடி இருந்தால் ஒளிந்துகொள்ளும்.

தண்ணீருக்கு வருவோம். கடலோரத்தில் போர் தண்ணீர் பல ஊர்களில் உப்பு, அதை நேராக ஊற்றாதீர்கள். காவிரிக் குடிநீரை டிரம்மில் பிடித்து ஒருநாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்றினால் போதும். ஃபில்டருக்கு ஸ்பாஞ்ச் ஃபில்டரே நல்லது. அயிரை அவ்வப்போது சரேலென்று மேலே போய் ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுக் கீழே வரும், குடலாலும் மூச்சு விடுகிற மீன் அது. எப்போதோ ஒருமுறை என்றால் பயப்பட வேண்டாம். எல்லா மீனும் நிமிடத்துக்கு நிமிடம் மேலே போனால் தண்ணீரில் காற்றில்லை என்று அர்த்தம், கரண்ட் போன நேரத்தில் கவனியுங்கள். தொட்டிக்கு மூடி கட்டாயம், இரவில் துள்ளி வெளியே விழும்.

இரையை விளக்கு அணைத்த பிறகு போடுங்கள். மூழ்கும் பெல்லட், ரத்தப்புழு, வேகவைத்து நசுக்கிய பட்டாணி எல்லாம் தின்னும். கப்பி மாதிரி சாதுவான மேல்தட்டு மீன்கள் கூட இருக்கலாம், சண்டை போடும் சிக்லிட் வகை மீன்கள் கூடாது.

அப்புறம், கண்மாய் மீனோடு ஒட்டுண்ணி வரும், இரண்டு மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பாருங்கள். வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் கடைக்காரர் கல்லுப்பைப் போடச் சொல்வார், மற்ற பல மீனுக்கு அது சரி. அயிரைக்குச் செதில் மிகப் பொடி, உப்பும் மருந்தும் சீக்கிரம் உடம்பில் ஏறிவிடும். உப்பை விட்டுவிட்டு, மருந்தைப் பாட்டிலில் போட்ட அளவில் பாதி மட்டும் ஊற்றி, காற்றுக் குழாயை நன்றாகத் திறந்து விடுங்கள்.