அலமாரி, டிராயருக்குப் பூட்டு வாங்கும் முன்: முகத்தை விடுங்கள், நாக்கைப் பாருங்கள்

தஞ்சாவூர் கீழவாசலோ கும்பகோணம் பெரிய கடைத்தெருவோ, எந்த ஹார்டுவேர் கடையில் நின்று "டிராயருக்கு ஒரு பூட்டு குடுங்கண்ணே" என்று கேட்டாலும், "மரமா, தகரமா? எத்தனை எம்.எம்.?" என்றுதான் பதில் கேள்வி வரும். இதற்கான விடையை வீட்டிலேயே எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும்.

படி 1: திறந்து, உள்பக்கம் பாருங்கள்

சாவி போடுகிற பளபள முகத்தைப் பார்த்துத்தான் பலரும் பூட்டு எடுக்கிறார்கள். பூட்டின் வேலையெல்லாம் பின்னால்தான். டிராயர் என்றால் நாக்கு (சாவியைத் திருப்பினால் வெளியே நீளும் உலோகத் துண்டு) மேலே எழும்பி, மேசைப் பலகைக்கு அடியில் உள்ள சட்டத்தில் மாட்டும். அலமாரிக் கதவு என்றால் இடப்பக்கமோ வலப்பக்கமோ நீளும். நாக்கு போய்ச் சேரும் இடத்தில் கட்டை இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

இரட்டைக் கதவில் இன்னொன்றும் பார்க்கணும். ஒரு கதவு உள்ளே மேலும் கீழும் தாழ்ப்பாள் போட்டு நிற்க வேண்டும்; அடுத்த கதவின் நாக்கு அதைப் பிடித்துக்கொள்ளும். தாழ்ப்பாள் இல்லையென்றால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பூட்டும் வீண். இழுத்த இழுப்பில் இரண்டு கதவும் சேர்ந்தே வந்துவிடும்.

படி 2: தடிமனை அளங்கள்

"18 எம்.எம். பிளைவுட்" என்று ஆசாரி சொன்னதை அப்படியே கடையில் சொல்லாதீர்கள். வெளியே ஒட்டிய மைக்கா 1 எம்.எம்., உள்ளேயும் மைக்கா இருந்தால் இன்னும் கொஞ்சம் சேரும். ஆக 20-ஐத் தொடும். பூட்டின் உருளை, அதாவது சாவி நுழையும் குழல், அதைவிடக் குட்டையாக இருந்தால் சாவித் துவாரம் பலகைக்குள் பதுங்கிக்கொள்ளும். ரொம்ப நீளமாக இருந்தால் வெளியே துருத்தி நிற்கும். பழைய பூட்டு இருந்தால் அளவே வேண்டாம், கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள்.

படி 3: வகையைத் தேர்ந்தெடுங்கள்

மரம், பிளைவுட்டுக்கு மல்டிபர்ப்பஸ் லாக் போதும். சதுரமான உடம்பு, மூலைக்கு ஒன்றாக நான்கு ஸ்குரு. உடம்பைத் திருப்பி மாட்டினால் நாக்கு மேலேயோ பக்கத்திலோ போகும். அதனால்தான் டிராயருக்கும் கதவுக்கும் ஒரே பூட்டு ஒத்துவருகிறது.

தகர மேசை, ஃபைல் அலமாரிக்கு கேம் லாக். பின்னால் ஒரு பட்டை, சாவியோடு சேர்ந்து திரும்பும். இதன் உருளை முழு வட்டமாக இருக்காது. பக்கத்தில் தட்டையாகச் சீவியிருக்கும், தகரத்தில் உள்ள ஓட்டையும் அதே வடிவில் இருக்கும். புதிதாக ஓட்டை போடுகிறவர் முழு வட்டமாகத் துளைத்துவிட்டால், சாவியைத் திருப்பும்போது பூட்டே சேர்ந்து சுற்றும். பட்டை நேராக வேண்டுமா, வளைந்தது வேண்டுமா என்பதையும் பழையதைப் பார்த்துச் சொல்லுங்கள். பீரோவின் கைப்பிடிப் பூட்டு தனிக் கதை; அதை பீரோ ரிப்பேர்காரரிடம் விடுவதே நல்லது.

தள்ளும் கண்ணாடிக் கதவுக்குப் பல் வெட்டிய பட்டையோடு வரும் ஷோகேஸ் லாக். ஓட்டையே போட வேண்டாம்.

பழைய மரப்பெட்டியில் கொண்டியும் நாதாங்கியும் இருந்தால் எதையும் குடையாதீர்கள். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு ஒன்றைத் தொங்கவிடுங்கள், அழகாகவும் இருக்கும்.

படி 4: நம்ம ஊர் ஈரம்

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மரம் உப்பும். சித்திரை வெயிலில் இம்மி பிசகாமல் பொருத்திய நாக்கு அப்போது மாட்டாது. அதனால் எதிர்க்கட்டையில் நாக்குக்கான பள்ளத்தை ஒரு எம்.எம். தாராளமாகவே வெட்டச் சொல்லுங்கள். நாகப்பட்டினம், தரங்கம்பாடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று மலிவான முலாமை அரித்துவிடும். அங்கே பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் என் சிபாரிசு. ஸ்குருவும் அதே உலோகத்தில் இருக்கட்டும். பூட்டு இறுகினால் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், தூசு ஒட்டி இன்னும் மோசமாகும். பென்சில் கரித்தூள் போதும்.

படி 5: மூடாமல் சோதியுங்கள்

மாட்டியதும் கதவைத் திறந்தே வைத்து, இரண்டு சாவிகளையும் மாற்றி மாற்றித் திருப்புங்கள். நாக்கு முழுதாக வெளியே வந்து, முழுதாக உள்ளே போன பிறகுதான் மூடணும். பூட்டின் முகத்திலோ சாவியிலோ எண் பொறித்திருந்தால் செல்போனில் ஒரு படம் எடுத்துவையுங்கள். சாவி தொலைந்தால் மாற்றுச்சாவிக்கு அந்த எண் உதவும்.